புதுப்பிப்பு: ரோகு மீன் புண்ணுக்கு வல்லாரை கொடுத்தேன், நடந்தது இதுதான்

மியான்மரின் துவாந்தேயில் எங்கள் இரண்டு குளத்து ரோகுகளுக்கும் செதில் அடியில் சிவப்புப் புண், ஆன்டிபயாடிக் இல்லாமல் வழி உண்டா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

பரிசோதனையில் வந்தது ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா. கரையோர வல்லாரையைப் (இங்கே மியின்குவா என்று சாலட் போடுவார்களே, அதேதான்) பொடித்து வேகவைத்து, தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் பிசைந்து கொடுக்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய ஒரு அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பொடி. புண் அதிகம் பரவாத குளத்தில் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு புதுப் புண்ணே இல்லை. ஆனால் அதே வாரம் சுண்ணாம்பும் போட்டு, பாதித் தண்ணீரும் மாற்றினேன். அதனால் பெருமை முழுக்க இலைக்கே என்று சொல்லமாட்டேன்.

மற்ற குளத்தில் பலிக்கவில்லை. நோய் முற்றிய மீன் தீனியே தொடாது, அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? சரி, தண்ணீரிலேயே ஊற்றுவோம் என்று ஒரு அண்டா கஷாயத்தை நேராகக் கொட்டினேன். அது என் புத்தி, யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கறுத்துப்போய், விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. சாறு அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. பம்பு ஓட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றினேன்.

பிசைந்த தீவனத்தை அன்றன்றே போட்டுவிடுங்கள். மறுநாளே பூஞ்சை பிடிக்கிறது.