'க்ரை, த பிலவட் கன்ட்ரி': அந்த மூன்று மாதக் கணக்கு

திண்ணைவாசி:
ஆலன் பேட்டனின் 'க்ரை, த பிலவட் கன்ட்ரி' நேற்று ராத்திரி முடித்தேன். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கத்து மலைக்கிராமத்துக் கறுப்பினப் பாதிரியார் குமாலோ, தங்கையையும் மகனையும் தேடி ஜோஹன்னஸ்பர்க் போகிறார். மகன் ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டுவிட்டான் என்று தெரிகிறது. செத்தவர் கறுப்பர்களுக்காக எழுதிப் பேசியவர், அவருடைய அப்பா ஜார்விஸ் குமாலோவின் ஊருக்கு மேலேயே பண்ணை வைத்திருப்பவர். இரண்டு அப்பாக்களும் நேருக்கு நேர் நிற்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். நிறவெறி ஆட்சி என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள வரலாற்றுப் புத்தகமெல்லாம் எதற்கு, இது ஒன்று போதும்.

பழையதாள்:
போதாது. முதலில் தேதியைப் பாருங்கள். நாவல் வெளிவந்தது 1948 பிப்ரவரி. 'அபார்தைட்', அதாவது நீங்கள் சொல்கிற நிறவெறி ஒதுக்கலைக் கொள்கையாகச் சொல்லி ஓட்டுக் கேட்ட தேசியக் கட்சி ஜெயித்தது அதே வருடம் மே மாதம். பேட்டன் எழுதி முடித்ததோ 1946 டிசம்பரிலேயே. நீங்கள் படித்தது அந்த ஆட்சிக்கு முந்தைய நாட்டின் கதை.

திண்ணைவாசி:
மூன்று மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது? கணக்குப்பிள்ளை மாதிரி பேசாதீர்கள். ஒதுக்கி வைத்தது ஒதுக்கி வைத்ததுதானே.

பழையதாள்:
அந்த மூன்று மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாவற்றையும் 1948க்குப் பிறகு வந்தவர்கள் தலையில் கட்டிவிட்டால், அதற்கு முன்னால் ஆண்டவர்கள் நல்லவர்களாகத் தப்பித்துவிடுகிறார்கள். மக்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு இருந்த கறுப்பர்களுக்கு 1913 நிலச் சட்டம் ஒதுக்கியது ஏறக்குறைய 7 சதவீத நிலம். 1936இல் அதை 13 சதவீதம் அளவுக்கு உயர்த்துவதாகச் சட்டம் போட்டார்கள். நாவலின் முதல் அத்தியாயத்தில் மேலே புல் அடர்ந்த மலையும் கீழே சிவந்து வெடித்துக் கிடக்கிற பள்ளத்தாக்கும் வருகின்றன அல்லவா, நாம் அதை இயற்கை வர்ணனை என்று நினைத்துத் தாண்டிப் போவோம், ஆனால் அந்த வரிகளில் இருப்பது அந்தச் சட்டம்தான். அத்தனை பேரையும் மாடுகளையும் அந்தத் துண்டு நிலத்தில் அடைத்தால் மண் எப்படி நிற்கும்? வரி கட்டக் காசு வேண்டும், அதற்குத் தங்கச் சுரங்கத்துக்குப் போக வேண்டும், அங்கே பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது, ஆண்களுக்கு மட்டும் கொட்டடி. ஊரில் மிஞ்சியது கிழடுகளும் பெண்களும் குழந்தைகளும். 1913 ஜூன் 20 காலையில் கண் விழித்த ஆப்பிரிக்கர், அடிமையாக இல்லாவிட்டாலும் பிறந்த மண்ணிலேயே 'பரையா'வாகிக் கிடந்தார் என்று அந்த நாட்டுக் கறுப்பின எழுத்தாளர் சால் பிளாட்ஜே அப்போதே எழுதினார். அந்த ஆங்கிலச் சொல் எந்த மொழியிலிருந்து போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரிசல்மண்:
நீங்கள் ரெண்டு பேருமே நாவலுக்கு ரொம்ப மரியாதை கொடுக்கிறீர்கள். கடைசியில் நடப்பது என்ன? ஜார்விஸ் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார், அணைக்கு ஏற்பாடு செய்கிறார், விவசாயம் சொல்லித்தர ஓர் ஆளை அனுப்புகிறார். மேலே இருக்கிற பண்ணை மேலேயே இருக்கிறது! பால் ஊற்றுகிற கையைக் கும்பிடுகிற காட்சி நமக்கென்ன புதுசா? அரசியல் பேசுகிற கறுப்பராக வருகிற, பாதிரியாரின் சகோதரர் ஜான் குமாலோ வாய்ச்சொல் வீரர், சுயநலக்காரர். சுரங்க வேலைநிறுத்தம் வந்த சுவடு தெரியாமல் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் 1946 ஆகஸ்டில் பல்லாயிரம் கறுப்பினத் தொழிலாளர்கள் சுரங்கத்தில் வேலையை நிறுத்தினார்கள், குறைந்தது ஒன்பது பேர் செத்தார்கள். அடுத்த மாதம் நார்வேயில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தவருக்கு அது தெரியாதா?

திண்ணைவாசி:
இது அநியாயம் சகோ. துபுலாவை எங்கே விட்டீர்கள்? அவரும் அரசியல்காரர்தான். பஸ் கட்டணத்தை ஏற்றியபோது குமாலோவை வழியிலேயே நிறுத்தி, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று கேட்டு மைல் கணக்கில் நடக்க வைப்பது அவர்தான். 1944 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து அலெக்சாண்ட்ரா பேட்டை மக்கள் ஏழு வாரம் அப்படித்தான் நடந்தார்கள். பேட்டனும் ஏதோ பங்களாவில் இருந்தவர் கிடையாது. 1935 முதல் டீப்க்ளூஃபில் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியை நடத்தியவர், முள்வேலியைப் பிடுங்கிப் போட்டுப் பையன்களை லீவில் வீட்டுக்கு அனுப்பியவர்.

கரிசல்மண்:
சரி, துபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டன் நல்லவரா என்று நான் கேட்கவே இல்லை. பால் போதுமா என்றுதான் கேட்டேன்.

பழையதாள்:
கரிசல், உங்கள் கேள்வியை நாவலுக்குள்ளேயே ஒருவன் கேட்கிறான். விவசாயம் சொல்லித்தர வந்த இளைஞன், இவ்வளவு குறைவான நிலத்தைக் கொடுத்ததும் வெள்ளைக்காரன், நிலத்தைவிட்டு வேலைக்கு இழுத்துப் போனதும் வெள்ளைக்காரன் என்று குமாலோவிடம் நேராகவே சொல்கிறான். வெறுப்பு வேண்டாம் தம்பி என்கிற மாதிரி கிழவர் அவனை அடக்குகிறார். பேட்டனுக்குத் தெரியாமல் இல்லை, கடைசிப் பேச்சைக் கிழவருக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பையனுக்குக் கொடுத்திருந்தால் வேறு நாவலாகியிருக்கும், இத்தனை நாட்டில் விற்றிருக்குமா என்பது வேறு கதை. அப்புறம் திண்ணை, நாவல் முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை. குமாலோ ஜோஹன்னஸ்பர்க்கில் போய் இறங்குகிற மிஷன் வீடு, கறுப்பர்கள் வாழ்ந்த சோஃபியாடவுன் பேட்டையில் இருக்கிறதல்லவா? 1955 பிப்ரவரியில் அந்தப் பேட்டைக்குள் லாரிகளோடு போலீஸ் புகுந்தது. சாமான்களை ஏற்றி மக்களை ஊருக்கு வெளியே மெடோலாண்ட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள், சில வருடத்தில் தெருத்தெருவாக இடித்துத் தள்ளிவிட்டு வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டினார்கள். புதுப்பேட்டைக்கு வைத்த பெயர் 'டிரியோம்ஃப்'. ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் 'வெற்றி' என்று அர்த்தம்.

கரிசல்மண்:
வெற்றியாம்.

திண்ணைவாசி:
இது எனக்குத் தெரியாது. 'இது ஒன்று போதும்' என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிளாட்ஜே புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். ஆனால் பால் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை, அந்தக் குழந்தைகளுக்குப் பசித்தது.