ராஸ் அல் ஜின்ஸ்: ஆமைக் கரையும் அந்தப் பழைய படகுத் துண்டுகளும்

மஸ்கட்டில் இருக்கும் நம்மவர்கள் ஓமானின் கிழக்குக் கரையிலுள்ள ராஸ் அல் ஜின்ஸ் போய்விட்டு வந்தால் பேசுவது ஆமையைப் பற்றித்தான். நானும் அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஆனால் அதே கரையில் நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் ஊரின் மிச்சமும் கிடக்கிறது. அதைப் பார்க்காமலே விடியற்காலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

நாங்கள் போனது ஜூலை மாதம். தூத்துக்குடியிலிருந்து அத்தை வந்திருந்தார். மஸ்கட்டில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். குரியாத் வழியாக சூர் போகும் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல். பிம்மாவில் நீர் நிறைந்த இயற்கைப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தோம், கல்ஹாத்தைத் தாண்டினோம், சூரில் சாப்பாடு. அதற்கப்புறம் வெறும் கல்லும் மணலும்தான், அங்கங்கே ஒட்டகம். ராஸ் அல் ஜின்ஸுக்குப் பக்கத்து முனையான ராஸ் அல் ஹத்தை நெருங்கியதும் காற்றே மாறிவிட்டது. நமக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று ஓமானின் இந்தக் கரையோரமாகப் போகும்போது, கடலின் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்துவிடுகிறது. அதனால் பாலைவனக் கரையில் நடுக்கோடையிலும் குளுகுளுவென்று காற்று வீசுகிறது. அந்தக் குளிர்ந்த நீரில் சத்து அதிகம், மீனும் ஏராளம். ஆமை, டால்பின், கடற்பறவை என்று எல்லாம் இந்தப் பக்கம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1996-ல் இந்தக் கரையைக் காப்பகமாக அறிவித்தார்கள். இரவில் வழிகாட்டி இல்லாமல் கடற்கரைக்குப் போக முடியாது, குழுகுழுவாகத்தான் அனுப்புவார்கள். செல்போன் வெளிச்சம் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டியின் கையில் மட்டும் ஒரு மங்கலான விளக்கு. மணலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளங்கள், எல்லாம் முந்தைய நாட்களில் ஆமை தோண்டியவை. பார்த்து நடக்காவிட்டால் விழ வேண்டியதுதான்.

இங்கே வருவது பேராமை, அதாவது பச்சை ஆமை. சென்னைக் கரையில் நாம் பார்க்கும் பங்குனி ஆமையைவிட மிகப் பெரியது. ஒன்று குழிக்குள் இறங்கி முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் வழிகாட்டி எங்களைப் பின்பக்கமாகக் கூப்பிட்டார். முட்டை இறங்க ஆரம்பித்துவிட்டால் அது எளிதில் எழுந்து போகாது. அதற்கு முன்பு சின்ன அசைவு தெரிந்தாலும் கடலுக்குத் திரும்பிவிடும். இரண்டு பின்துடுப்புகளாலும் மாறி மாறி மணலை அள்ளி, ஒரு கை ஆழத்துக்குக் குறுகலான குழி தோண்டியிருந்தது. முட்டைகள் வெள்ளை வெளேரென்று, பிங்பாங் பந்து அளவில், இரண்டு மூன்றாக விழுந்தன. ஓடு கெட்டியாக இல்லாமல் தோல் மாதிரி இருப்பதால், ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் உடைவதில்லை. ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும் என்றார்.

அத்தை என் காதருகே வந்து, "ஏ பிள்ள, பிள்ளத்தாச்சி மாதிரி மூச்சு வாங்குது பாரு" என்றார். உண்மைதான். சில நொடிக்கொரு தரம் தலையைத் தூக்கி, ஓசை கேட்கும்படி மூச்சு விட்டது. கண்ணிலிருந்து பிசுபிசுவென நீர் வழிந்து, அதில் மணல் ஒட்டியிருந்தது. அழவில்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது என்று வழிகாட்டி சொன்னதை அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

முட்டையிட்டு முடிந்ததும் குழியை மூடியது. பிறகு முன்துடுப்புகளால் மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. கடைசியில் முட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி, வேறொரு இடத்தில் பெரிய பள்ளம் மட்டும் மிஞ்சியது. நரிகள் மோப்பம் பிடித்து வந்து தோண்டிவிடும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

ஒரு விஷயம் மட்டும் மனதை வருத்தியது. வேறொரு குழுவில் யாரோ, கரையேறிக்கொண்டிருந்த ஆமையின் முகத்துக்கு நேராக செல்போன் விளக்கை அடித்துவிட்டார். அது அப்படியே நின்று, திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. பருவமடையவே இந்த ஆமைக்கு இருபத்தைந்து, முப்பது வருஷம் பிடிக்கும். அப்படி வளர்ந்து, பிறந்த கரைப் பக்கம் தேடி வந்த ஒன்றை ஒரு படத்துக்காக விரட்டுவது பெரிய பாவம். குஞ்சுகளுக்கும் வெளிச்சம் ஆபத்துதான். பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் அவை கடலுக்கு ஓடும். கரைப்பக்கம் விளக்கு எரிந்தால் திசை மாறிவிடும்.

விடியற்காலை நடையையும் தவறவிடாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு படம் எடுக்க விடுகிறார்கள். தாமதமாக முட்டையிட்ட ஆமைகள் கடலுக்குத் திரும்புவதை நிதானமாகப் பார்க்கலாம். கரை முழுக்க வண்டி போன தடம் மாதிரி ஆமைத் தடங்கள், நடுவே நரியின் சின்னக் காலடிகள், நண்டு வளைகள்.

இனி அந்தப் பழைய ஊர். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, குன்றின் அடிவாரத்தில் சுடாத மண்செங்கல் கட்டடங்களை 1985 முதல் இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டியெடுத்தார்கள். சூரை மீன் பிடித்து, சங்கில் மோதிரம் அறுத்து வாழ்ந்தவர்களின் வீடுகள், கி.மு. 2500-ஐ ஒட்டிய காலம். சிந்துவெளி எழுத்து கீறிய பானை ஓடும், தந்தச் சீப்பும், சாம்பிராணி புகைத்த கல்லும் இங்கே கிடைத்திருக்கின்றன.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும்விட என்னை நிற்க வைத்தவை நிலக்கீல் துண்டுகள், தார் மாதிரி கறுப்பாக. ஒரு பக்கம் நாணல் கற்றையும், கயிறும், பாயும் அழுந்திய அச்சு. மறுபக்கம் கடலில் மிதந்தபோது ஒட்டிய கொட்டலசு, அதாவது படகடியில் பற்றிக்கொள்ளும் ஓட்டுயிர். படகு உள்ளே தண்ணீர் விடாமலிருக்கப் பூசியது, பழையதைச் சுரண்டி, மறுபடி உருக்கிப் பூச எடுத்து வைத்திருந்தார்கள். இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த பழைய மெசொப்பொத்தேமியர்கள் இந்த ஓமான் பக்கத்தை 'மாகன்' (Magan) என்று குறித்தார்கள். அந்நாட்டுக் கப்பல்களின் மிச்சமாக நாம் கிட்டே நின்று பார்க்கக் கிடைப்பது இந்தத் துண்டுகள்தான். மெசொப்பொத்தேமியாவின் அக்காத் மன்னன் சர்கோன், மெலுஹா (சிந்துவெளிப் பக்கம்), மாகன், தில்முன் (பஹ்ரைன் பக்கம்) கப்பல்கள் தன் துறையில் வந்து நின்றதாகப் பெருமையடித்துக்கொண்டவன். இந்தத் துண்டுகளை வைத்தே ஒரு நாணல் படகைத் திரும்பக் கட்டி, 2005-ல் சூரிலிருந்து குஜராத்தின் மாண்ட்விக்கு விட்டார்கள். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே நீர் புகுந்து மூழ்கியது, ஆட்கள் பிழைத்தார்கள். அந்தக் காலத்துக் கைப்பக்குவம் லேசுப்பட்டதல்ல என்று அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

அவர்களுக்கும் ஆமை தெரிந்த ஜீவன்தான். மஸ்கட்டில் ராஸ் அல் ஹம்ராவில், இதைவிடப் பழைய மீனவர் கல்லறைகளில் இறந்தவரின் பக்கத்தில் பச்சை ஆமையின் மண்டையோட்டை வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: வருஷம் முழுக்க ஆமை வரும், மே முதல் செப்டம்பர் வரை அதிகம். இரவு நடைக்கு ஆள் கணக்கு உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். மாலையிலேயே போய்ச் சேர்ந்தால் அருங்காட்சியகத்தை அவசரமில்லாமல் பார்க்கலாம். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மணலில் நடக்கக் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். காற்று பலமாக இருக்கும், ஜூலையிலும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.