ஆம்காஸ் விண்ணப்பத்தில் இலவச இணையவழிப் படிப்புகளைக் குறிப்பிடலாமா?

கேள்வி: எடிசன் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சியில் உயிர்வேதியியல் இளநிலை மூன்றாமாண்டு படிக்கிறேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் ஆம்காஸ் தளம் வரும் மே மாதம் திறந்ததும் அதை நிரப்பத் தொடங்க வேண்டும். செயல்பாடுகளைக் குறிப்பிடும் பகுதியில் 15 இடங்கள் இருக்கின்றன. மருத்துவமனைத் தொண்டு, ஆய்வகப் பணி, மருத்துவர்களுடன் உடனிருந்து கவனித்த 40 மணி நேரம், ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் துணை ஆசிரியையாக இருப்பது என என்னிடம் இருப்பவை எட்டு இடங்களைத்தான் நிரப்புகின்றன.

இவை தவிர, கடந்த மூன்று கோடை விடுமுறைகளில் கோர்செரா, எடெக்ஸ் ஆகிய இணையவழிக் கல்வித் தளங்களில் 11 இலவசப் படிப்புகளை முடித்திருக்கிறேன். டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நரம்பியல், பார்பரா ஓக்லியின் கற்றல் பற்றிய படிப்பு, ஸ்டான்ஃபோர்டின் அறிவியல் எழுத்து, பைத்தான் நிரலாக்கம், உயிர்ப்புள்ளியியல் ஆகியவை அவற்றில் சில. இரண்டுக்குச் சான்றிதழ் இல்லை. பணம் கட்டாமல் பாடங்களை மட்டும் பார்த்தேன். ஏழு இடங்கள் காலியாக இருக்கும்போது எதற்காக விட வேண்டும், முடிந்தவரை தனித்தனியாகப் போடு என்கிறார் அப்பா. கல்லூரி ஆலோசகரோ ஒன்றுகூட வேண்டாம் என்கிறார். கரிம வேதியியலில் எனக்கு சி பிளஸ்தான் கிடைத்தது. அந்தப் பாடத்தை இணையத்தில் இலவசமாக மீண்டும் படித்துக் காட்டினால் அந்தக் குறை ஈடாகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பால்டிமோர் இரண்டாமாண்டு மருத்துவ மாணவர்

வணக்கம் தங்கை. வேதியியல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஈடாகாது. ஆம்காஸில் பாடங்களை உள்ளிடும் பகுதியை, நீங்கள் படித்த கல்லூரிகள் நேரடியாக அனுப்பும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் வரும் மதிப்பலகு) இல்லாத இணையவழிப் படிப்புக்கு அந்தப் பகுதியில் இடமே இல்லை. உங்கள் ஜிபிஏவில், அதாவது சராசரி மதிப்பெண்ணில், அது ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாது. கல்லூரியில் அதே பாடத்தை மீண்டும் எடுத்தாலும் ஆம்காஸ் பழைய மதிப்பெண்ணை நீக்காமல் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். ஆகவே அடுத்து வரும் உயிர்வேதியியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுப்பதும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்காட்டில் வேதியியல் பகுதியை நன்றாக எழுதுவதுமே அதற்கு விடை. இலவசப் பாடத்தைத் தாராளமாகப் படியுங்கள். அது தேர்வுக்கு உதவும், விண்ணப்பத்தில் மதிப்பெண்ணாக நிற்காது.

இனி அந்த 15 இடங்கள். அவை நிரப்பப்பட வேண்டியவை என்று எங்கும் சொல்லவில்லை. 15 என்பது உச்ச வரம்பு. எட்டு உறுதியான பதிவுகளுக்குப் பின்னால் ஏழு சான்றிதழ்கள் அணிவகுத்தால், படிப்பவர் கண்ணுக்கு முதல் எட்டும் மெலிந்து தெரியும். ஆனால் ஒன்றுகூட வேண்டாம் என்ற உங்கள் ஆலோசகரின் கருத்தையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் என் விண்ணப்பத்திலேயே ஒன்று இருந்தது. 2020 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், கோவிட் தொற்றாளர்களின் தொடர்புகளைக் கண்டறிவது பற்றி கோர்செராவில் ஓர் இலவசப் படிப்பை வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பாடம். நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பணிக்குச் சேர்பவர்கள் அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று அப்போது இருந்ததால் நானும் படித்துத் தேறினேன். பிறகு பத்து மாதங்கள் நாள் முழுவதும் தொலைபேசியில் பேசினேன். விண்ணப்பத்தில் பதிவாக நின்றது அந்த வேலைதான். படிப்பு, அதன் முதல் வரியில் பாதி வாக்கியமாக வந்தது. நேர்முகத்தில் என்னிடம் கேட்டதெல்லாம், வாடகை வீட்டில் எட்டுப் பேரோடு இருந்த ஒருவரிடம் தனித்திருங்கள் என்று எப்படிச் சொன்னீர்கள் என்பதுதான்.

உங்கள் பட்டியலிலும் அதையே தேடுங்கள். பைத்தான் படித்தபின் ஆய்வகத்தில் அதை எதற்காவது பயன்படுத்தினீர்களா? நரம்பியல் படித்தபின் மருத்துவமனையில் ஏதாவது வேறாகத் தெரிந்ததா? அப்படி இருந்தால் அந்தப் படிப்புகள் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளுக்குள் போகட்டும். மற்றவற்றில் உண்மையிலேயே உங்களை ஈர்த்த இரண்டு மூன்றை ஒரே பதிவாகச் சேர்க்கலாம். இணையவழிப் படிப்பு என்று தனி வகை ஆம்காஸில் இல்லாததால், பொழுதுபோக்கு அல்லது பிற என்ற வகையில் அது அமையும்.

பதில் 2: டெக்சாஸ் தந்தை

என் மகனுக்கு நானும் உங்கள் அப்பா சொன்ன அதே அறிவுரையைத்தான் சொன்னேன் அம்மா. எங்கள் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்ப முறை வேறு. ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு சான்றிதழ்களை வரிசையாகப் போட்டான். ஒரு நேர்முகத்தில், புள்ளியியல் படித்திருக்கிறீர்களே, பி மதிப்பு என்றால் என்ன என்று ஒரு சாதாரண ஆளுக்கு விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்த காணொளிகள் அவை. பையன் தடுமாறிவிட்டான். அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் அவன் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் பேச முடிகிற பாடத்தை மட்டும் போடுங்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

பதில் 3: ஒகையோ குடும்ப மருத்துவர்

சில ஆண்டுகளாக ஒரு மருத்துவக் கல்லூரிக்காக விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்து வருபவன் என்ற முறையில் இரண்டு மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன்.

சான்றிதழ் இல்லாதது குறையே அல்ல. பணம் கட்டியவருக்குக் கிடைக்கும் தாள் என்பதற்கு மேல் அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. எத்தனை மணி நேரம் என்று குறிப்பிடுவதில்தான் கவனம் வேண்டும். தளம் 60 மணி நேரம் என்று போட்டிருக்கிறது என்பதற்காக நீங்களும் 60 என்று எழுதாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து படித்த நேரத்தை எழுதுங்கள். விண்ணப்பத்தின் முடிவில், இதில் உள்ளவை உண்மை என்று உறுதியளித்த பிறகுதான் அதை அனுப்ப முடியும்.

ஒவ்வொரு பதிவுக்கும் இடைவெளிகள் உட்பட 700 எழுத்துகள்தான். மிக முக்கியமானவை என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1325 எழுத்துகள் தருகிறார்கள். இந்தக் குறுகிய இடத்தில் பாடத்திட்டத்தை ஒப்பிப்பவர்களே அதிகம். எத்தனை வாரம், எந்தப் பல்கலைக்கழகம், என்னென்ன தலைப்புகள் என்று எழுதுவார்கள். அது பல்கலைக்கழகத்தின் விளம்பரம். எழுதியவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரை முன்னால் தூக்கிப் பிடிப்பதும் எடுபடாது. டியூக்கின் காணொளியைப் பார்ப்பதும் டியூக்கில் படிப்பதும் வேறு என்பது சேர்க்கைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் எடுத்த மருத்துவ நரம்பியல் உள்ளபடியே கடினமான பாடம் என்பதால் அதை முழுவதும் முடித்திருந்தால் மகிழ்ச்சியோடு கேள்வி கேட்பேன். தொண்டு செய்தது எந்தப் பிரிவில்?

எடிசன் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. பக்கவாதப் பிரிவில்தான் ஐயா, ஏறத்தாழ 180 மணி நேரம். அங்கே ஒரு முதியவர், கேட்பதெல்லாம் புரிந்தும் பதில் சொல்ல முடியாமல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார். பாடத்தில் மூளையின் இடப் பாதியில் பேச்சை உருவாக்கும் பகுதியைப் பற்றிப் படித்த வாரம் அது. அதுவரை அவரிடம் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தேன். காது கேட்காதவர் என்று எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்ற வகையில் கேள்விகளை மாற்றினேன். செவிலியரின் அனுமதியோடு தண்ணீர், போர்வை, வலி, கழிவறை என நான்கு படங்கள் வரைந்த அட்டை ஒன்றையும் செய்து வைத்தேன். இதை அந்தத் தொண்டுப் பதிவுக்குள் எழுதலாமா?

பைத்தானைப் பொறுத்தவரை, ஆய்வகத்தில் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து செல்களைக் கையால் எண்ணிக்கொண்டிருந்ததற்கு ஒரு சிறு நிரல் எழுதினேன். அது ஆய்வகப் பதிவுக்குப் போகட்டும்.

ஒகையோ குடும்ப மருத்துவர்

எழுதலாம் மகளே, அதையே மிக முக்கியமான மூன்றில் ஒன்றாக வையுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்க வேண்டாம். நோயை நீங்களே கண்டறிந்ததுபோல் ஒலிக்கும் சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினீர்களே, அந்த வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். டியூக்கின் பெயர் ஒருமுறை வந்தால் போதும்.

எடிசன் மாணவி

அப்படியே செய்கிறேன் ஐயா. நேற்றிரவு கணக்குப் பார்த்ததில் பதிவுகள் எட்டிலிருந்து ஒன்பதாகியிருக்கின்றன. அறிவியல் எழுத்தும் உயிர்ப்புள்ளியியலும் சேர்ந்து ஒன்பதாவது. பி மதிப்பை என் தம்பிக்குப் புரியும்படி விளக்க முடிந்தால் மட்டுமே உயிர்ப்புள்ளியியல் அதில் நிற்கும். அப்பா எல்லாச் சான்றிதழ்களையும் வண்ணத்தில் அச்சிட்டு ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். டெக்சாஸ் ஐயாவின் பதிலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.