கொப்பரை மண்டி சாயாக்கடை ஆனது

பழைய கட்டிடங்களில் உட்கார்ந்து பேசிய அனுபவம் உண்டா என்று கேட்டதும் எனக்கு நாகர்கோவில் கோட்டாறு சந்தைப் பக்கம் இருக்கும் எங்கள் சாயாக்கடைதான் ஞாபகம் வந்தது. லண்டனில் வேலை பார்க்கும் தம்பி, அங்கே பழைய வங்கிக் கட்டிடங்கள் பப்பாக மாறியிருப்பதைச் சொல்லுவான். தெருக்காரர்கள் சாயந்திரமானால் அங்கேதான் கூடுவார்களாம். எங்களுக்கு அந்த இடம் இந்தக் கடை.

முன்பு அது கொப்பரைத் தேங்காய் மண்டி. ஓட்டுக் கூரை, மர மச்சு, முன்பக்கம் முழுக்க நிரைப்பலகை, அதாவது கடையை அடைக்க வரிசையாகச் சொருகும் பலகைகள். பல வருஷம் பூட்டியே கிடந்தது. கடைக்கார அண்ணன் வாடகைக்கு எடுத்தபோது சுவர் இடுப்பளவுக்கு ஊறிப்போய் இருந்தது. யாரோ சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிர்ந்தது. அண்ணன் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூசினார். செலவு கூடுதல்தான், ஆனால் நம்ம ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யுமே, அவர் செய்ததே சரி. இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் உடைந்த ஓடுகளையும் மாற்றிவிட்டார்.

போன வருஷம் ஒரு ராத்திரி. ரசவடை தீர்ந்துவிட்டது, சுக்குக்காப்பி மட்டும் பாக்கி. புதிதாக வேலைக்கு வந்த பையன் நிரைப்பலகை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பலகை சட்டத்தில் உள்ள காடிப் பள்ளத்தில் இறங்கவே இல்லை. கையால் தட்டினான், தோளால் தள்ளினான், கடைசியில் சுத்தியலைத் தேடினான்.

பெஞ்சில் இருந்த ஒரு வயசான பாட்டா எழுந்தார். அதற்கு முன் நான் அவரை அங்கே பார்த்ததில்லை.

"அடிக்காத மக்களே. அது இந்த எடத்துக்கு உள்ளதில்ல. எண்ணு பாத்துப் போடு."

"எண்ணு எங்க பாட்டா இருக்கு?"

பலகையின் மேல்முனையில் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். உளியால் வெட்டிய ஒரு எழுத்து தெரிந்தது. பையன் குனிந்து பார்த்து, "சு-ன்னுல்லா போட்டிருக்கு" என்றான்.

"சு இல்ல மக்களே, ஆறு. தமிழ் ஆறு."

௬. நானும் போய்த் தடவிப் பார்த்தேன். ஒன்பது பலகையிலும் ௧ முதல் ௯ வரை வெட்டியிருந்தது. பையன் எட்டாம் பலகையின் இடத்தில் ஆறாம் பலகையைச் சொருகப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு பலகையும் அதனதன் இடத்துக்கே தேய்ந்து பழகியது, மாற்றிப் போட்டால் இறங்காது. பாட்டா எண் சொல்லச் சொல்ல, பையன் ஒவ்வொன்றாகப் போட்டான். சத்தமே இல்லாமல் இறங்கின.

அப்புறம்தான் விஷயம் வந்தது. பாட்டாவின் அப்பா இதே மண்டியில் கொப்பரை உடைத்தவர். திருவிதாங்கூர் காலம், கூலி அப்போதைய சக்கரம் என்ற காசில். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும் பையனாகப் பாட்டா இங்கே வந்து நின்றிருக்கிறார். கடை அடைக்கும் நேரம் வரை காத்திருந்தால் பலகை எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. 1956 நவம்பரில் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் அப்படித்தானாம்.

மரச்சட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அண்ணன் அவர் கையில் ஒரு சுக்குக்காப்பியைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இப்போது அந்தப் பையன்தான் தினமும் பலகை போடுகிறான். எண்ணின் மேல் இருந்த பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டான்.