மேக்கில் எக்ஸ்ஃபேட் ஃபார்மட் செய்த பென் டிரைவை டிவி கண்டுகொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

முல்லைக்கொடி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 128 ஜிபி பென் டிரைவ். விண்டோஸ் லேப்டாப், மேக்புக், டிவி, கார் ஸ்டீரியோ என்று நாலிலும் இது ஒன்றே ஓட வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மக்கர் செய்கிறது.

வாங்கியபோது ஃபேட்32-இல் (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று) இருந்தது. 6 ஜிபி வீடியோ ஒன்றை விண்டோஸில் காப்பி செய்தால், பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று நின்றுவிட்டது. அதனால் விண்டோஸிலேயே என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினேன். வீடியோ ஏறியது, டிவியிலும் ஓடியது. ஆனால் மேக்கில் திறந்து பார்க்க மட்டுமே முடிகிறது; எதையும் போடவோ அழிக்கவோ விடவில்லை. அடுத்து மேக்கின் டிஸ்க் யுடிலிட்டியில் எக்ஸ்ஃபேட் என்ற மூன்றாவது முறையைக் கொடுத்து ஃபார்மட் செய்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் இப்போது பிரச்சினையே இல்லை. டிவியில் செருகினால் யுஎஸ்பி எதுவும் இல்லை என்கிறது, காரிலும் அதே கதை. டிவி கையேட்டில் எக்ஸ்ஃபேட் ஏற்கும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. டிரைவ் பழுதாகிவிட்டதா?

நிலாமுற்றம்:
பேசாமல் ஃபேட்32-க்கே திரும்பிவிடுங்கள். எல்லாக் கருவியும் படிக்கும்.

கணிப்பொறியாளன்:
திரும்பினால் அந்த 6 ஜிபி வீடியோ மறுபடி ஏறாது, நண்பரே. ஃபேட்32 தனி ஒரு கோப்பின் அளவை எழுதி வைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்குகிறது. அதனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவில் எத்தனை இடம் காலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. அதன் இயல்பே அப்படித்தான். எழுத வைக்க வேறு மென்பொருள் போட வேண்டும். ஒரு பென் டிரைவுக்காக அந்த வேலை தேவையில்லை. உங்கள் தேவைக்கு எக்ஸ்ஃபேட்தான் சரி. 2006-இல் மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி கழற்றி மாட்டும் டிரைவுகளை மனத்தில் வைத்தே கொண்டுவந்தது அது. மேக் அதன் 10.6.5 பதிப்பிலிருந்து படிக்கவும் எழுதவும் செய்கிறது. ஆனால் கையேட்டில் ஏற்கும் என்று போட்டும் டிவி ஏன் மறுக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

வடக்குவாசல்:
டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். விண்டோஸில் செய்த என்டிஎஃப்எஸ் அதே டிவியில் ஓடியது என்கிறீர்களே, அதுதான் துப்பு.

விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் கொடுத்தால் உள்ளே இருக்கும் பார்ட்டிஷன் (டிரைவில் பிரித்த பகுதி) மட்டுமே புதிதாகும். எந்தப் பகுதி எங்கே என்று டிரைவின் தொடக்கத்தில் குறித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை பழையபடியே இருக்கும். பென் டிரைவ்களில் அது பெரும்பாலும் எம்பிஆர், அதாவது 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்' என்ற வகை. மேக்கில் முழு டிரைவையும் தேர்ந்தெடுத்து அழித்தால் அட்டவணையே மாறி, வழக்கமாக ஜிபிடி என்ற இன்னொரு வகை ஆகிவிடும். முன்னால் 200 எம்பி அளவில் ஒரு மறைவான பார்ட்டிஷனும் சேரும். கம்ப்யூட்டர்களுக்கு இது பழக்கம். டிவி, கார் ஸ்டீரியோ பலவற்றுக்கு எம்பிஆர் மட்டுமே தெரியும். ஜிபிடி டிரைவின் முதல் செக்டாரில் (சிறு சேமிப்புத் துண்டு) அவை காண்பது, 'இதில் கை வைக்காதே' என்பதற்காக வைத்த ஒரு காவல் பதிவை மட்டும்தான். எக்ஸ்ஃபேட் இருக்கும் இடம் வரைக்கும் அவை போவதே இல்லை.

முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் வேறிடத்தில் காப்பி செய்துவிடுங்கள், இனி செய்வதில் அத்தனையும் அழியும். டிஸ்க் யுடிலிட்டியின் வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அட்டவணை வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கீம் என்ற கட்டம் கண்ணிலேயே படாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். இடப்பக்கம் உள்தள்ளி இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் டிரைவின் பெயரைத் தொட்டு, அது உங்கள் பென் டிரைவ்தானா என்று அளவை வைத்து உறுதி செய்துகொண்டு, அழி என்று கொடுங்கள். ஃபார்மட் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்'.

முல்லைக்கொடி:
டிவி எடுத்துக்கொண்டது! 6 ஜிபி வீடியோ ஓடுகிறது. ரொம்ப நன்றி, வடக்குவாசல். கார் மட்டும் இன்னும் மறுக்கிறது. இன்னொன்று: டிவியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் புள்ளியும் அடிக்கோடும் போட்டு ஒரு கோப்பு தெரிகிறது. திறந்தால் ஓடவில்லை. வைரஸா?

வடக்குவாசல்:
வைரஸ் இல்லை. மேக் தன் கோப்புகளோடு சேர்த்து வைக்கும் கூடுதல் விவரங்களை எக்ஸ்ஃபேட்டிலோ ஃபேட்32-இலோ வைக்க வழி இல்லாததால், இப்படித் தனிக் கோப்பாகப் போட்டுவிடுகிறது. சில கேபி அளவுதான் இருக்கும். விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடலாம், வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

கார் ஸ்டீரியோ கையேட்டில் எந்த ஃபார்மட் போட்டிருக்கிறது?

முல்லைக்கொடி:
ஃபேட்32 மட்டும்.

வடக்குவாசல்:
அப்படியானால் எக்ஸ்ஃபேட்டை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரே டிரைவில் இரண்டு பார்ட்டிஷன் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பல கருவிகள் முதல் பார்ட்டிஷனை மட்டுமே பார்க்கும், நாளைக்கு வேறொன்றில் செருகினால் மறுபடி தலைவலி. பாட்டுக்கு 4 ஜிபி கோப்பு எங்கே வரப்போகிறது? சின்னதாக ஒரு டிரைவை ஃபேட்32-இல், அதுவும் எம்பிஆரில், காருக்கென்றே வைத்துவிடுங்கள்.

கணிப்பொறியாளன்:
அது 32 ஜிபிக்கு மேற்பட்டதாக இருந்தால் விண்டோஸின் ஃபார்மட் பெட்டியில் ஃபேட்32 வராமல் போகலாம். அந்த வரம்பு விண்டோஸ் கருவி வைத்தது, ஃபேட்32-இன் வரம்பு இல்லை. மேக்கில் 'எம்எஸ்-டாஸ் ஃபேட்' என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

கடலோரக்காற்று:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 4 டிபி ஹார்டு டிஸ்க், எனக்கும் டிவி சிக்கல்தான். நானும் எம்பிஆர் ஆக்கலாமா?

வடக்குவாசல்:
வேண்டாம். 512 பைட் செக்டார் கணக்கில் எம்பிஆர் 2 டிபி வரைதான் எட்டும். அதற்கு மேலே உள்ள இடம் பயன்படாமலே கிடக்கும். உங்கள் டிவி ஜிபிடியை ஏற்குமா என்று முதலில் கையேட்டில் பாருங்கள்.

முல்லைக்கொடி, இன்னும் ஒன்று. எக்ஸ்ஃபேட்டில் என்டிஎஃப்எஸ் போல மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கோப்புகள் சிதைய வாய்ப்பு அதிகம். மேக்கிலும் விண்டோஸிலும் எஜெக்ட் கொடுத்த பிறகே எடுங்கள்.

முல்லைக்கொடி:
சரி, அப்படியே செய்கிறேன். காருக்கு 16 ஜிபி டிரைவ் ஒன்று சும்மா கிடந்தது. நீங்கள் சொன்னபடியே மாற்றினேன், பாட்டு ஓடுகிறது.