நறுக்கிய பழத்தின் ‘பல்க் டென்சிட்டி’க்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான ஜாம் தயாரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூலம் அமெரிக்க நூல் என்பதால் பழத்தைக் கப்பில் சொல்கிறது. நம் பெண்களோ தராசில் நிறுப்பவர்கள். ஏறக்குறைய 237 மில்லிலிட்டர் கொள்ளும் அந்தக் கப்பில் நறுக்கிய ஆப்பிள் சுமார் 125 கிராம், மாம்பழத் துண்டுகள் 165 கிராம் பிடிக்கும். வாழைப்பழம் வில்லைகளாக இருந்தால் 150 கிராம். மசித்தால் துண்டுகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி 225 கிராம் ஆகிவிடுகிறது. சர்க்கரையைப் பழத்தின் எடைக்கு ஏற்பச் சேர்க்க வேண்டியிருப்பதால், இதில் தவறினால் ஜாம் இறுகாது. இடைக்காற்றின் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த ‘பல்க் டென்சிட்டி’யைப் ‘பருமன் அடர்த்தி’ என்பது எளிதுதான். ஆனால் எந்த அடர்த்தியும் பருமனால், அதாவது கன அளவால், வகுத்து வருவதே ஆகையால், அந்த அடைமொழி புதிதாக எதையும் உணர்த்தவில்லை. கலம் கொள்ளும் எடை என்ற பொருளில் ‘கொள்ளெடை’ என முன்மொழிகிறேன்.

ஐயா,

‘கொள்’ளோடு ‘எடை’ சேரும்போது தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது சரியே. ஆயினும் அடுக்களையில் ‘கொள்ளெடை’ என்றால் கொள்ளுப் பயற்றின் எடை என்றே கொள்வார்கள். தொல்காப்பியத் தொகைமரபு அளவையும் நிறையையும் பிரித்தே பேசுகிறது. நாழியும் உழக்கும் அளவு, கழஞ்சும் பலமும் நிறை. முகத்தலளவை என்ற சொல் இன்றும் பள்ளியில் இருக்கும்போது, முகந்ததன் நிறையை ‘முகநிறை’ என்பதே மரபு. ‘முகவை’யைத் தவிர்த்ததற்குக் காரணம், அது ஆய்வகத்தில் பீக்கருக்கு வழங்கிவிட்டது. ஆழ அமுக்கி முகந்தாலும் நாழி நானாழி முகவாது என்று மூதுரை சொல்வது கடல்நீரைப் பற்றி. பழத்துண்டு அமுக்க அமுக்கக் கூடுதலாக அடங்கும். ஆகவே அமுக்காமல் முகந்ததற்குத் தளர்முகநிறை, அமுக்கி முகந்ததற்குச் செறிமுகநிறை என இரண்டும் வேண்டும்.

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, வெயிட் என்பது நிறை. தமிழகத்தில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. ‘முகநிறை’ இரு கரையிலும் இரு பொருள் தரும். அதோடு, முதன்முறை படிப்பவர் அதை முகத்தின் நிறை என்றுதான் எடுத்துக்கொள்வார். அடர்த்தி இரு இடத்திலும் அடர்த்தியே என்பதால் ‘குவியடர்த்தி’ என் தெரிவு.

நண்பர்களே,

குவியடர்த்தியை மிகவும் விரும்பினேன். ஆனால் செய்முறை கேட்பது குவித்த கப் அன்று, தலைதட்டிய கப்; சொல்லே கையைத் தவறாக வழிநடத்தும். கற்பவர் அகராதி தேடாமல் அளக்க வேண்டும் என்பதால், பெரும்பாலோர் இசைந்தபடி அட்டவணைத் தலைப்பில் ‘ஒரு கப் எடை’ என்றே இடுகிறேன்; அதன் கீழ் ‘அரை அங்குலத் துண்டு, அமுக்காமல், தலைதட்டி’ என்றும் சேர்த்துள்ளேன்.

ஐயா,

கையேட்டுக்கு அது போதும், கலைச்சொல்லுக்குப் போதாது. நாளைக்கே பழக்கூடைக்கும் கிடங்குக்கும் இதே கணக்கு வரும்போது அங்கே கப் இராது. முகநிறைக்கான என் வாக்கை மாற்றவில்லை எனப் பதிந்துகொள்ளுங்கள்.