சீனியர் சிட்டிசன் வீட்டு ஜன்னலுக்கு மானியம்னு போன் வருது, நெசமா?

அசோக்நகர்வாசி:
அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 72, பழைய ஃப்ளாட், மேல் மாடி. ஹால் ஜன்னல் மூணும் மேற்கு பாத்தது, மர ஃப்ரேம், மழைல உப்பிப்போயி ஒண்ணு சாத்தவே மாட்டேங்குது. மூணு மணிக்கு மேல அங்க உக்காரவே முடியாது, ஏசி போட்டா நிக்காம ஓடுது, பில்லுக்கு பயந்து அப்பா அதையும் ஆஃப் பண்ணிட்டு ஈரத்துண்டை போத்திக்கிறாரு. போன வாரம் ஒருத்தன் போன் பண்ணி, டபுள் கிளாஸ் யூபிவிசி ஜன்னல் (ரெட்டைக் கண்ணாடி, பிளாஸ்டிக் ஃப்ரேம்) போட சென்ட்ரல் கவர்மென்ட் பாதி பணம் தருது, பதிவுக்கு 3,500 ஜிபே பண்ணுங்கன்னான். டொரான்டோல இருக்கிற அக்கா வேற, இங்க குடுத்தாங்களே அங்கயும் இருக்கும்ங்கிறா. யாராச்சும் வாங்கிருக்கீங்களா?

குரோம்பேட்டைக்காரன்:
காசு அனுப்பிடாதீங்க ப்ரோ!! ஜன்னலுக்குன்னு மானியம் இங்க கிடையாது. வீட்டுக்கு குடுக்கிறது சோலாருக்குத்தான், பிரதமர் சூர்ய கர், 2024 பிப்ரவரில ஆரம்பிச்சது, தனி வீட்டுக்கு 78,000 வரைக்கும். ஃப்ளாட்னா அசோசியேஷன் பேர்ல லிஃப்ட், மோட்டார் கனெக்‌ஷனுக்கு போடலாம், கிலோவாட்டுக்கு 18,000. ஆனா மொட்டைமாடி யாருதுங்கிற சண்டை முடியறதுக்குள்ள அடுத்த அக்னி நட்சத்திரம் வந்துரும், எங்க பில்டிங்ல அதான் ஓடிட்டிருக்கு.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, உங்க அக்கா சொல்றது கனடா கவர்மென்ட்டோட கிரீனர் ஹோம்ஸ் கிராண்ட். 2021ல வந்துச்சு, ஜன்னலுக்கு 125 இல்லன்னா 250 டாலர், எல்லா வேலையும் சேத்து 5,000 வரைக்கும். முதல்ல எனர்ஜி ஆடிட் ஆள் வந்து வீட்டை பாத்துட்டு போகணும், அதுக்கு முன்னாடி மாத்திட்டா ஒரு காசு வராது, நாங்க அவசரப்பட்டு அப்படித்தான் கோட்டை விட்டோம். வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, 2024ல புது அப்ளிகேஷன் வாங்கறதையும் நிறுத்திட்டாங்க. வயசு பாக்கறது அமெரிக்காவுல, 1976ல இருந்து வெதரைசேஷன்னு ஒண்ணு, வருமானம் கம்மியான வீட்டுக்கு, 60 தாண்டினவங்களுக்கு முன்னுரிமை. அதுவும் இதுவும் பெரும்பாலும் குளிருக்கு, உள்ள இருக்கிற சூடு வெளிய போயிறக்கூடாதுன்னு. நம்மூர்ல சூடு உள்ள வரக்கூடாது, அவ்ளோதான்.

ரிட்டயர்டு ஏஇ:
மானியம் இருக்கட்டும் சார், டபுள் கிளாஸ் போட்டா சென்னைல என்ன மிச்சம்னு பாருங்க. நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றரை சதுர மீட்டர். வெளிய 38, உள்ள 25ன்னா ஒத்தைக் கண்ணாடி வழியா கடத்தல்ல வர்ற சூடு 110 வாட்ஸ் பக்கம், டபுள் போட்டா பாதியாகும். ஆனா சாயங்கால வெயில் நேரா அடிச்சா அதே ஜன்னல்ல 500, 600 வாட்ஸ் உள்ள இறங்குது, ஜன்னலுக்கு ஒரு அயர்ன்பாக்ஸை ஆன் பண்ணி வச்ச மாதிரி. சாதா டபுள் கிளாஸ் அதை கொஞ்சம்தான் குறைக்கும், அதுக்குன்னு கோட்டிங் போட்ட கண்ணாடி வேணும். ஸ்க்ரீனும் பிரயோஜனம் கம்மி, வெயில் கண்ணாடி தாண்டி வந்தப்புறம் துணி சூடாகி ரூமுக்குள்ளயேதான் விடும். மறைப்பு வெளிய இருக்கணும், மூங்கில் தட்டியே போதும், வெட்டிவேர் தட்டின்னா தண்ணி தெளிச்சுக்கலாம். மேல் மாடிங்கறீங்க, ஜன்னலை கவனிக்கறதுக்கு முன்னாடி மொட்டைமாடிக்கு வெள்ளை அடிங்க. உப்பின கதவை ஆசாரிய கூப்பிட்டு இழைச்சா சாத்தும். ஸ்லைடிங் மட்டும் வேணாம், பாதிதான் தொறக்கும், கடல்காத்து வர்ற நேரத்துல வீணா அடைச்சுக்கிட்டு நிக்கும்.

அசோக்நகர்வாசி:
ரொம்ப தேங்க்ஸ் சார். அவனுக்கு போன் பண்ணி அரசாணை நம்பர் கேட்டேன், கட் பண்ணிட்டான், இப்ப எடுக்கறதே இல்ல. தட்டிக்கு அளவெடுத்தாச்சு. அப்பாவுக்கு தோள் வலி, தினம் கயிறு இழுத்து சுருட்ட முடியாது, அதனால கம்பில நிரந்தரமா சரிவா கட்டிடலாம்னு இருக்கேன். மூணாவது மாடிக்கு வெளிய நின்னு கட்ட ஆள்தான் கிடைக்கல, தெரிஞ்சவங்க இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.